எங்கும் போகாத படிக்கட்டு

காலி ஸ்ட்ரெச்சர் இரண்டாவது சுற்றிலேயே மாட்டிக்கொண்டது. அமரர் ஊர்தியின் டிரைவர் கீழிருந்து தள்ளினார். அவருடைய உதவியாள் மேலிருந்து இழுத்தான். வீட்டின் பின்பக்கம் இருந்த அந்த இரும்புச் சுருள் படிக்கட்டு, ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு ஏறிப் போவதற்கென்றே போட்டது. கம்பிகள் கிறீச்சிட்டன, ஸ்ட்ரெச்சர் நகரவில்லை.

"ஆளில்லாமயே இந்தப் பாடு" என்றார் டிரைவர். "ஐயா நல்ல உசரம் வேற."

மேல்படியில் மகள் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், முன்னறைக் கட்டிலில் அப்பா கிடந்தார். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது. அவர் இந்தப் படியில் இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டாக்டர்தான் முனகிக்கொண்டே ஏறி வருவார்.

ஒருவழியாக ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிமிர்த்தி மேலே ஏற்றிவிட்டு, டிரைவர் இரண்டு வழி சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, நிமிர்த்தியபடியே சுருளில் இறக்கலாம். இல்லாவிட்டால் முன்பக்க பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கலாம். பீரோவெல்லாம் அப்படித்தானே இறக்குகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பாவைப் படுத்தபடியே, முன்வாசல் நடை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்றாள் அவள். டிரைவர் சுற்றிப் பார்த்தார். கூடத்தின் கோடியில், மற்ற சுவர்களோடு ஒட்டாமல் கரடுமுரடாக நின்ற ஒரு செங்கல் சுவரைக் காட்டினார்.

"இதுக்குப் பின்னால என்ன?"

"படிக்கட்டு" என்றாள்.

நிஜமாகவே படிக்கட்டுதான். நல்ல தேக்கு. நாலு பேர் தோளோடு தோள் உரசாமல் ஏறலாம். வீட்டைப் பாகம் பிரித்தபோது, மூத்தவர் என்பதால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்பாவுக்கு வந்தது. தெருவைப் பார்த்த பால்கனிக்கு ஆசைப்பட்டு அவர் மாடியை எடுத்துக்கொண்டார். தரைத்தளமும் படிக்கட்டும் சித்தப்பாவுக்கு. அதோடு விட்டிருக்கலாம். "படிக்கட்டை நல்லா ஏறி இறங்கு, மேல வர மட்டும் வழி இருக்காது" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, படி முடிகிற இடத்தில் அப்பா சுவர் எழுப்பி, தனக்குப் பின்பக்கம் சுருளைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

அவள் சுருளில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

சித்தப்பா அந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். படிக்கு ஒரு சாமானாக வாளி, பழைய செருப்பு, பேப்பர் கட்டு, ஓடாத மின்விசிறி என்று சுவர் வரை அடுக்கியிருந்தது. சித்தி காலையிலேயே சுருளில் ஏறி வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். சித்தப்பா வரவில்லை.

"சித்தப்பா, அப்பாவை அந்த வழியா இறக்க முடியல. மேல செவுத்தை உடைக்கணும்."

அவர் செல்போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பழமையான மாடி வீடு விற்பனைக்கு. புதுப்பிக்க ஏற்றது. அழகிய தேக்குப் படிக்கட்டு." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "இது யார் வீட்டுப் படிக்கட்டு, பொடிசு?"

நாற்பத்தைந்து வயதிலும் அவருக்கு அவள் பொடிசுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் முன்பின் தெரியாதவர்களின் கண்ணுக்குள் அருகில் போய்ப் பார்க்கிறவள், இந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தாள்.

படிக்கட்டு இல்லாத மாடியைக் காக்காய்தான் வாங்கும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆள் வரும், வந்தபிறகு சித்தப்பாவிடம் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆளும் வந்தாயிற்று. வெளியூரிலிருந்து இன்றைக்குத்தான் வீட்டைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறார்.

"படிக்கட்டு போட்டோ நான்தான் குடுத்தேன்" என்றாள்.

"தெரியும். அந்தப் புரோக்கர் போன வாரமே வந்து இந்தச் செவுத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். இப்ப உடைக்க ஒரு சாக்கு கிடைச்சிருச்சு. உங்கப்பன் செத்தும் உனக்கு உதவுறான்."

உள்ளேயிருந்து சித்தி, "நாக்கை அடக்குங்க" என்றாள். வெளியே ஊர்தியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா போனை மடியில் வைத்தார். "விக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே உடைச்சு விடறேன்."

சொல்லிவிடலாம். பிற்பாடு யார் கேட்கப் போகிறார்கள்? மேலே அப்பா கிடக்கிறார். வார்த்தை தொண்டை வரை வந்தது.

"விப்பேன் சித்தப்பா. என்னால இந்த மாடியைக் கட்டிக் காப்பாத்த முடியாது. அப்பாவை வச்சுக்கிட்டு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

அவர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப கயித்துலயே இறக்கு" என்றார்.

அவள் மேலே திரும்பியபோது டிரைவர் பால்கனிக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. ஒருவர் காப்பி டம்ளரோடு வசதியாகச் சாய்ந்து நின்றிருந்தார். போன் அடித்தது. புரோக்கர்தான். வருத்தம் தெரிவித்துவிட்டு, ஆள் பாதி வழி வந்துவிட்டார், இனி நிறுத்த முடியாது, அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் நல்லது என்று இழுத்தார். அவள் பேச்சின் நடுவிலேயே போனை வைத்தாள்.

அப்பாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். மார்பிலும் முழங்காலிலும் பட்டை போட்டார்கள். கயிறு இழுக்கும்போது உடம்பு சரியாமலிருக்க இன்னும் இறுக்க வேண்டும் என்றார் டிரைவர். மார்புப் பட்டையை அவளே இறுக்கினாள். இரண்டு துளை தள்ளி மாட்டியதும், வலிக்குமோ என்று ஒரு துளை தளர்த்தினாள். டிரைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கால்பக்கம் பால்கனி வாசலைத் தாண்டியது. உதவியாள் கம்பியில் கயிற்றை முடிந்தான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பழைய கம்பி லேசாக அசைந்தது. அவனும் டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கூடத்தில் தடாரென்று ஒரு சத்தம் கேட்டது.

மறுபடியும் ஒன்று. செங்கல் சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. மூன்றாவது அடியில் ஒரு கல் உள்பக்கமாகத் தள்ளி வந்து தரையில் உருள, அந்த ஓட்டையில் கடப்பாரையின் நுனி எட்டிப் பார்த்தது. சுவருக்கு அப்பால் சித்தியின் குரல், படியெல்லாம் பலசரக்குக் கடை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாரே மனுஷன் என்று திட்டிக்கொண்டிருந்தது. வாளியும் விசிறியும் தடதடவென்று கீழே போய் விழுந்தன.

ஓட்டை பெரிதானது. தலை முழுக்கக் காரைத்தூளோடு சித்தப்பா தெரிந்தார். மேல்மூச்சு வாங்கியது. அவள் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"எவ்வளவு அகலம் வேணும்?" என்று டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் கையை விரித்துக் காட்டினார். உதவியாள் இந்தப் பக்கமிருந்து கல்லைப் பிடுங்கினான். அவளும் பிடுங்கினாள். சுவர் எழுப்பியவர் நல்ல சிமெண்டாகப் போட்டிருந்தார். கடைசி வரிசை லேசில் வரவில்லை. வழி திறந்ததும் சித்தப்பா கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து, ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் நின்றார்.

"இளைச்சுட்டாரே" என்றார்.

டிரைவரும் உதவியாளும் தூக்கினார்கள். சித்தப்பா முன்னால் இறங்கினார். இந்தப் படி ஆடும், ஓரமாக மிதியுங்கள், அடுத்தது வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கீழே புரோக்கர் யாரோ ஒருவரோடு வாசலுக்குள் நுழைந்தார். பழக்கதோஷத்தில், "முழுக்கத் தேக்கு சார்..." என்று ஆரம்பித்துவிட்டு, மேலே பார்த்து வாயை மூடிக்கொண்டார். கூட வந்தவர் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்.

படி திரும்புகிற இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். அங்கே உத்தரம் தாழ்வு. சித்தப்பா அந்தத் திருப்பத்திலேயே நின்றுகொண்டார். கால்பக்கம் அவரைத் தாண்டிப் போனது. அப்பாவின் முகம் உத்தரத்தை நெருங்கியது.

சித்தப்பாவின் கை சட்டென்று உயர்ந்து உத்தரத்தின் விளிம்பைப் பொத்தியது.

"அண்ணா, குனிஞ்சுக்கோ" என்றார்.

அவர் புறங்கையை உரசிக்கொண்டு அப்பாவின் நெற்றி கடந்துபோனது. ஸ்ட்ரெச்சர் திரும்பி, இறங்கி, வாசலைத் தாண்டியது. மகள் பின்னாலேயே வந்து அந்தத் திருப்பத்தை அடைந்தபோதும், சித்தப்பா கையை எடுக்காமல் உத்தரத்தைப் பொத்தியபடியே நின்றிருந்தார்.