மிஷின் உரிக்காது

ஏர் ஃப்ரையர் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் சந்துக்குள் நுழைந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். நான் என்ன திருடியா கொண்டுவந்தேன்? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மாமியார் டோரதி டப்பாவைப் பார்க்கவில்லை. அதன் மேல் வைத்திருந்த பொட்டலத்தைத்தான் பார்த்தார்.

“இன்னாடி அது?”

“எறா, அத்தை. உரிச்சு, கழுவி, ஐஸ் போட்டது.”

“காசிமேட்டுல குந்திகினு, லாஞ்சு ஓட்றவன் வூட்டுக்குப் பொட்டலத்துல எறா வாங்கினு வர்றியா? பொணத்துக்குப் போட்ற ஐஸுடி அது! நாலு பேரு கேட்டா நான் மூஞ்சிய எங்கடி வெச்சிக்கிறது?”

“கீற எடத்துலயே வெச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. மனுஷி ஒரு காலத்தில் தலையில் கூடை வைத்துக் கொருக்குப்பேட்டை வரை மீன் விற்றவர். அவர் குரலுக்குத் தெருவே பயப்படும், நானும் பயந்துதான் கிடந்தேன். என்னை அப்படிப் பேச வைத்தது என் மகள் ஷைனியின் விரல்.

முறையாகவே சொல்லிவிடுகிறேன். என் கணவர் சைமன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அவருடைய அண்ணன் லியோனார்ட் ஓட்டுவது விசைப்படகு; எங்கள் பக்கம் லாஞ்சு என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடுதான் இருக்கிறார். லாஞ்சு கரைக்கு வந்தால் பெரிய மீன், பெரிய இறால் எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். ஓட்டுகிறவரின் வீட்டுக்கென்று ஒரு பை தனியாக வரும். அதுதான் வீட்டுப் பங்கு. அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, விற்கக் கூடாது, குப்பையில் போடவே கூடாது. போட்டால் அடுத்த முறை வலை வெறுமையாக ஏறும், ஆளுக்கும் ஆபத்து என்பார்கள். டோரதி மட்டுமில்லை, எங்கள் தெருவே அதை நம்புகிறது.

நல்ல பழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தப் பையில் வருவது பொடி இறால். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகிலிருக்கும் கறுப்பு நரம்பை இழுத்து, ஒரு குழம்புக்குச் சேர்ப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அதை யார் உரிப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. கேட்பானேன், நான் இருக்கிறேனே! பகலெல்லாம் திருவொற்றியூர் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் உரிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுபடியும் இறால். அங்கே உரித்தால் சம்பளம், இங்கே உரித்தால் நாற்றம். விரலில் தோல் நிற்பதே இல்லை. ரேஷன் கடை மிஷினில் என் கைரேகை விழாது. பின்னால் நிற்கிறவர்கள் “நவுரும்மா” என்று கத்துவார்கள்.

சரி, என் கை போனது போனது. போன மாதம் விரலிடுக்கில் புண் வந்து மருந்து கட்டியிருந்தேன். தண்ணீரே படக் கூடாது என்றார் டாக்டர். அன்று பார்த்துப் பை வந்தது. டோரதி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“ஷைனி, வந்து குந்து. உங்கம்மா கை பூட்ச்சு. நீயும் கத்துக்க வேணாவா?”

பத்தாவது படிக்கிற பெண், மறுநாள் கணக்குப் பரீட்சை. அவள் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து உரித்தாள். இறாலின் தலைமுள் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. காலையில் விரல் வீங்கிப் பேனா பிடிக்க முடியாமல், பாதிக் கணக்கை எழுதாமலே அழுதுகொண்டு வந்தாள். டோரதி மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டு, “ரெண்டு தபா ஏறுனா அப்பால பழகிக்கும்” என்றார்.

பழகிக்குமாமே! என் பெண்ணின் கை இதற்குப் பழகக் கூடாது. மாதா மேல் ஆணையாக, இந்த வீட்டில் இனி ஒரு இறால் ஓடு அவள் கையில் பட விடமாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏர் ஃப்ரையர் யோசனை என்னோடு வேலை செய்கிற மலிகாவுடையது. தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டில் நோன்பு நாட்களில் சமோசாகூட அதில்தானாம். “உரிச்ச எறாவ வாங்கி உள்ள தள்ளிட்டு நீ பாட்டுக்கு வேலையப் பாருக்கா, அதுவே மணி அடிச்சுக் கூப்புடும்” என்றாள்.

அப்படித்தான் செய்தேன். பொட்டலத்தைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஐஸ் விட வைத்தேன். பழைய வேட்டித் துணியில் கொட்டி ஈரத்தை ஒற்றி எடுத்தேன். அதைச் செய்யாவிட்டால் இறால் வறுபடாது, வெந்து தொலையும். இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் அரிசி மாவு, எலுமிச்சை, ஒரு ஸ்பூன் எண்ணெய். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி உள்ளே தள்ளினேன். ரசம் கொதித்து இறங்குவதற்குள் மணி அடித்தது. ஷைனி கையில் புத்தகத்தோடு வந்து, ஊதி ஊதி நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டாள். சைமன் முதலில் மோந்து பார்த்தார், பிறகு தட்டைக் காலி செய்தார். “சோக்காத்தான் கீது” என்றார், அம்மாவின் காதில் விழாத குரலில்.

டோரதி தொடவில்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “இது எறாவா, ரப்பரு” என்றார். வாயில் வைக்காமலே எப்படித் தெரிந்ததோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

“அந்தப் பொட்டலத்தையும் உன்ன மாரி ஒருத்திதானே உரிச்சிருப்பா?” என்று மடக்கினார்.

“ஆமா அத்தை. அவளுக்குச் சம்பளம் குட்த்தாங்க. அவ பொண்ணக் கூப்ட்டுக் குந்த வெக்கல.”

சனிக்கிழமை சாயங்காலம் லியோனார்ட் கடலிலிருந்து வந்தார். ஞாயிறு பூசைக்கு எப்படியும் கரையில் இருந்துவிடுவார். கையில் பை, நல்ல கனம். வழக்கம்போல் சமையலறைத் தரையில் வைத்தார்.

“ஷைனி கண்ணு, ஆரம்பி. பெரியப்பா பசியோட கீறேன்.”

ஷைனி என்னைப் பார்த்தாள்.

“அவ உரிக்கமாட்டா மாமா. நானும் உரிக்கமாட்டேன்” என்றேன்.

டோரதி பிடித்துக்கொண்டார். என் வளர்ப்பில் தொடங்கி, என் அப்பா பேசின் பிரிட்ஜில் ரயில்வே வேலை பார்த்தவர், அதனால் எனக்குக் கடலின் அருமை தெரியாது என்பது வரை போனார். கண் ஆபரேஷன் ஆகாமல் இருந்தால் தானே உட்கார்ந்து உரித்துக் காட்டுவாராம். சைமன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஆம்பிளை!

லியோனார்ட் சண்டைக்காரர் இல்லை, அதுதான் தொல்லை. சிரித்துக்கொண்டே ஏர் ஃப்ரையரைக் காட்டினார்.

“இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? அதான் மிஷின் வாங்கினு வந்துட்டியே. அதுல போட்டா வேல முட்ஞ்சுது.”

“போடுங்க” என்றேன்.

நிஜமாகவே போட்டார். தலை, மீசை, ஓடு, மணல், எல்லாவற்றோடும் இரண்டு கையாலும் அள்ளிக் கூடை நிறையக் கொட்டி, உள்ளே தள்ளி, கண்ட பட்டனை அழுத்தினார். விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏலம் முடியக் காத்திருப்பவர் போல அதன் எதிரிலேயே நின்றார். உள்ளே காற்றாடி சுற்றிய வேகத்தில் மீசைகள் பறந்து, மேலே பழுத்திருந்த கம்பியில் ஒட்டிப் பொசுங்கின. முடி கருகுகிற நாற்றம், வீடு முழுக்கப் புகை. ஷைனி இருமிக்கொண்டே ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

லியோனார்ட் ஒன்றை எடுத்துக் கடித்தார். மணல் நறநறவென்றது. துப்பினார். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னா ஆன்சி, இது உரிக்காதா?”

பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் இத்தனை வருஷத்தில் பிடித்த இறாலைக் குவித்தால் எங்கள் தெரு கொள்ளாது. அதன் ஓடு எப்படிப் போகிறது என்று ஒரு நாளும் இவருக்குத் தோன்றவில்லை.

“மிஷின் உரிக்காது மாமா. பொட்டலத்துல வர்றதும் தானா உரிஞ்சு வரல. இத்தினி வருஷமா உங்க தட்டுக்கு வந்ததும் தானா உரிஞ்சு வரல. நான் உரிச்சேன். நல்லாப் பாருங்க” என்று இரண்டு கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, வெட்கமா கோபமா தெரியவில்லை. மீதியிருந்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். “எவனுக்கும் வேணாம்ல? நாய்க்குப் போட்றேன்!”

“டேய்!” டோரதி போட்ட சத்தத்தில் சைமன் டிவியையே அணைத்துவிட்டார். “வூட்டுப் பங்கத் தெருவுல போடுவியா? திங்கக்கெழம கடலுக்குப் போவ வேணாவா? உன்ன நம்பி லாஞ்சுல ஆளுங்க ஏறுறானுங்கடா!”

லியோனார்ட் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். போடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. பையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவர் காலில் சொட்டியது. கடலுக்குப் போகிறவருக்கு அந்தப் பயம் இல்லாமல் போகுமா?

நான் என் வேலையைப் பார்த்தேன். கருகியதை ஒரு சட்டியில் கொட்டி மூடி வைத்துவிட்டு, கூடையைத் தேய்த்துக் கழுவினேன். கம்பி ஆறியதும் மீசைகளைத் துடைத்தெடுத்தேன். அன்று வாங்கிவந்து, ஐஸ் விட்டு மசாலா தடவி வைத்திருந்த பொட்டல இறாலைப் பரப்பித் தள்ளினேன். மணி அடித்ததும் ஷைனிக்கும் எனக்கும் தட்டு வைத்தேன். இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம்.

வாசலோரம் பேப்பர் விரிக்கிற சத்தம் கேட்டது. லியோனார்ட் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையைக் கவிழ்த்தார். ஒரு இறாலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யம்மா, எங்கேருந்து பிக்கிறது?”

டோரதி என்னைப் பார்த்தார், ஷைனியைப் பார்த்தார். நாங்கள் அசையவில்லை. “தலையத் திருவுடா மொதல்ல” என்றார். “டேய் சைமன், நீயும் வாடா. அவன் ஒத்தையா எப்போ முடிக்கிறது?” சைமன் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயிலிருந்ததை மென்று விழுங்கினேன். அவர் எழுந்துபோய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெருவோடு போன பட்டம்மாள் நின்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் லாஞ்சு ஓட்டுகிறவர் இறால் உரித்து யார் பார்த்திருக்கிறார்கள்? “இன்னா லியோனார்டு, எறா உரிக்கிறியா?”

“ஆன்சி, அந்தக் கதவச் சாத்தும்மா” என்றார் அவர், தலை நிமிராமல்.

“புகை போவணும் மாமா. தொறந்தே கெடக்கட்டும்.”

அவர் அடுத்த இறாலை எடுத்தார். உரிக்க உரிக்கப் பாதிச் சதை ஓட்டோடு போயிற்று. குவியல் குறைவதாகவே தெரியவில்லை. ஒரு வாரக் கடல் களைப்பு, பெரிய உடம்பு, கூனிய முதுகு. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஷைனி சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“பெரியப்பா பாவம்மா. நான் கொஞ்சம் உரிச்சுத் தரட்டா?”

டோரதியின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். நான் ஷைனியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

“நானும் பாவம்னுதான்டி மொத தபா குந்துனேன்” என்றேன். “நீ துன்னு.”