வயலினோடு வந்த பல் டாக்டர்

பல் டாக்டருக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம் இருந்த வயலினைப் போல ஒன்று சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் கிடையாது. கேட்கிறவர்களுக்கெல்லாம் இரவல் கொடுப்பார். ஒரே நிபந்தனை, கூடவே அவரும் வருவார்.

ஒருநாள் கச்சேரிக்காக அதை இரவல் வாங்கிய பெண்ணுக்குப் பக்கத்தில், மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வில் கொஞ்சம் அழுந்தினாலும் முகம் சுளித்தார். தந்தி அறுந்துவிடுமோ என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தே சபையில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

மறுநாள் அரங்கத்து மேலாளர் கிளினிக்குக்கே வந்தார்.

"அடுத்து ஒரு புல்லாங்குழல் கச்சேரி இருக்கு டாக்டர். நீங்க வந்தே ஆகணும்."

"என்கிட்ட வயலின்தானே இருக்கு?"

"வயலின் வேண்டாம் சார். நீங்க வந்து உக்காந்தா போதும். டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு."

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அடுத்தவன் குழலுக்கு நான் எப்படிடி பதறுவேன்?" என்று மனைவியிடம் புலம்பினார். விஷயம் குழல்காரர் காதுக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். நேரே வந்து குழலை டாக்டர் கையில் கொடுத்தார்.

"இது இனிமே உங்களோடது சார். கச்சேரிக்கு மட்டும் நான் இரவல் வாங்கிக்கிறேன்."

கச்சேரியன்று டாக்டர் பதறிய பதற்றத்தில் சபையே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் கச்சேரி முடிந்ததும் கையில் வாங்கிக்கொண்ட குழலை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

குழல்காரர் இப்போது தினமும் கிளினிக்குக்கு வந்து, அலமாரியில் இருக்கும் குழலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கும் நோயாளிகள், "பாவம், முதல்ல இவரைக் கவனிங்க டாக்டர்" என்கிறார்கள்.