நீச்சல் குளம்: இல்லை

எங்கள் வீட்டில் மாடிப்படி கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நர்ஸ் கமலவல்லியிடம் இதை நாலு முறை சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. முன்னால் ஒரு கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன்மேல் ஏறுவது பூனை ஒன்றுதான், அதுவும் சுவர் வழியாகத்தான் போகும்.

"படி இல்லாட்டியும் படிக்குக் கதவு போட்டாகணும்மா," என்றார் கமலவல்லி. "கதவு போட்டோ இல்லாம ஆப் அடுத்த கேள்விக்கு நகர மாட்டேங்குது."

'பத்திர மழலை' என்று புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. இரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கிற வீடுகளுக்கு நர்ஸ் வந்து முப்பத்திரண்டு கேள்வி கேட்டுச் செல்போனில் பதிய வேண்டும். எந்தக் குளிர் தேசத்தில் உட்கார்ந்து யார் எழுதிய கேள்விகளோ தெரியாது. குளிர்காயும் கணப்புக்கு வலை போட்டிருக்கிறீர்களா? இதைக் கேட்டது மே மாதம், பகல் பன்னிரண்டு மணி, கரண்ட்டும் இல்லை. மேசை முனைகளில் பஞ்சு ஒட்டியிருக்கிறீர்களா? நீச்சல் குளம் உள்ளதா, உள்ளதெனில் நீளம் எவ்வளவு?

நானாக இருந்தால் அப்போதே அவரை அனுப்பிவைத்திருப்பேன். என் மாமனார் சாமிதுரை விடவில்லை. அவர் முப்பது வருடம் அலைந்து மூன்று மா நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டால் அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் நிலம் போய்விடும் என்பது அவர் எண்ணம். எங்களிடம் மேசை இல்லாததால் பழைய தலையணையைப் பிரித்து பீரோ, டிவி, கிரைண்டர் என்று கண்ணில் பட்ட முனைக்கெல்லாம் பஞ்சு ஒட்டிவைத்தார். அந்த வாரம் முழுவதும் இட்லியில் பஞ்சு கிடந்தது.

இதெல்லாம் ஆப் சொன்னது. கமலவல்லி சொந்தமாகவும் ஓர் அறிவுரை வைத்திருந்தார். அவருக்கு ஊர் பேராவூரணிப் பக்கம், பிறந்ததே தென்னந்தோப்பில். அவருடைய சித்தப்பா தோளில் ஒரு தேங்காய் விழுந்து ஆறு மாதம் கை தூக்க முடியாமல் கிடந்தாராம். எங்கள் கொல்லையில் ஒற்றைத் தென்னை நிற்பதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பேசும்போதெல்லாம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள கொல்லைக்குப் போறப்ப தலையில எதாவது கவுத்து அனுப்புங்க. இது என் அனுபவத்துல சொல்றேன்."

மாமனார் அதையும் எழுதிக்கொண்டார். அன்று முதல் என் மகன் பரிதி, வயது பதினான்கு மாதம், தலையில் ஒரு சின்ன அலுமினியச் சட்டியோடு கொல்லையில் உலாவ ஆரம்பித்தான். மாமனார் அதற்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நாடா கட்டியிருந்தார். பையனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. கழற்றினால் அழுதான்.

எனக்கு இருந்த கவலை வேறு. பரிதி நடக்கக் கற்றுக்கொண்டது மாசி மாதம், எங்கள் வாய்க்காலில். மாசியில் வாய்க்கால் காய்ந்துவிடும், அடியில் நல்ல மணல். கொல்லையிலிருந்து இறங்க ஏழு சிமெண்டுப் படிகள். மற்ற இடமெல்லாம் கிளுவை வேலி, படி ஒன்றுதான் திறப்பு. அவன் வயிற்றைப் படியில் ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாகக் காலை விட்டுத் துழாவித் துழாவி ஏழு படியும் இறங்குவான். கீழே மூன்று சக்கரம் மிஞ்சிய ஒரு மஞ்சள் லாரி அவனுக்காகக் காத்திருக்கும். வாய்க்கால் என்றால் மணல் என்றுதான் அவனுக்குத் தெரியும். அதில் தண்ணீர் வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் புரியாது. ஜூன் மாதம் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். கடைமடைக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். வருகிற அன்றைக்கும் அவன் இறங்குவான். என் கணவர் அன்பரசன் அறுவடை மிஷின் ஓட்ட ஆந்திரா போயிருந்தார். மாமியார் காலையில் நூறு நாள் வேலைக்கும் மாமனார் வயலுக்கும் போய்விடுவார்கள். பகல் முழுக்க நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும்.

"சிஸ்டர், இந்த வாய்க்காலுக்கு என்ன செய்யறது?"

கமலவல்லி செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "வாய்க்காலுக்குக் கேள்வி இல்லியேம்மா."

"நீச்சல் குளம்னு ஒன்னு கேட்டீங்களே?"

"அது வேற. அதுக்கு 'இல்லை'ன்னு போட்டுட்டேன். வாய்க்காலு காஞ்சிதானே கெடக்கு? கவனமா பாத்துக்குங்க."

கவனமாகப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல ஒரு நர்ஸ், ஒரு ஸ்கூட்டி, ஒரு ஆப் எதற்கு? எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் கொடுத்த மோரில் உப்பு போட மறந்தேன், வேண்டுமென்றே.

ஊரில் இரண்டு வயதுக்குள் குழந்தை உள்ள வீடுகள் பதினொன்று. ஒன்றிலும் மாடிப்படி இல்லை. மாடிப்படி இருந்த ஒரே வீடு ஜெயபால் அண்ணன் வீடு. அவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிச் சம்பாதித்து, கல்யாணத்துக்கென்று மாடி வைத்து வீடு கட்டினார். வீடு முடிந்து ஐந்து வருடம் ஆகிறது, பெண்தான் அமையவில்லை. கமலவல்லி அவரைக் கேட்டார், அவரும் நல்ல மனுஷன், சரி என்றார். மாமனார் ஒரே நாளில் மூங்கில் பிளந்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு படல் கட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்துத் தூக்கிக்கொண்டு போனார். படலை மாடிப்படிக்குக் குறுக்கே கட்டினார்கள். பதினொரு தாய்மாரும் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு நிமிடம் பிள்ளையைப் படலுக்குப் பின்னால் நிறுத்தினோம். கமலவல்லி போட்டோ எடுத்தார். பதினொரு வீட்டுக்கும் ஆப் நகர்ந்தது. அவர் அழுகிற நிலைக்கு வந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். பாவம், மேலிடத்திலிருந்து அவரை என்ன பாடு படுத்தினார்களோ.

படல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. வாய்க்கால் படியின் தலைப்பில் இரண்டு பக்கமும் பூவரசு நிற்கிறது. இரண்டுக்கும் குறுக்கே படலை நிறுத்திக் கயிறு போட்டு இறுக்கிவிட்டேன். பரிதி வந்து பார்த்தான். சட்டித் தலையால் முட்டினான். இரண்டு கையாலும் படலைப் பிடித்து உலுக்கி, கீழே கிடக்கும் லாரியைப் பார்த்துக் கத்தினான். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்தக் கூச்சல் நடக்கும். பக்கத்து வீட்டார் சலித்துக்கொண்டார்கள். நான் அடுப்படியில் நிம்மதியாகச் சமைத்தேன். சத்தம் கேட்கிறவரை பிள்ளை அங்கே இருக்கிறான், படலும் இருக்கிறது.

ஜூன் பாதியில் ஜெயபால் அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. நாங்கள் டீக்கடையில் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், அதனால் ஊருக்கே தெரியும்.

"சார், உங்க வீட்டு லொகேஷன்ல ரெண்டு வயசுக்குள்ள பதினோரு குழந்தைங்கன்னு காட்டுது. சரிங்களா?"

"மேடம், எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலைங்க."

"அது உங்க சொந்த விஷயம் சார். நாங்க கேக்கறது, அடுத்த குழந்தைக்காவது கொஞ்சம் இடைவெளி விடலாம்ல?"

அந்த வாரம் மாப்பிள்ளை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த முத்துப்பேட்டைக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா நேரில் வந்து ஆய்வு செய்யப்போகிறார்.

அவர் வந்த அன்று காலை நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் நீடாமங்கலம் தாண்டிவிட்டது, நாளை மறுநாள் நமக்கு வரும் என்று முதல் நாள் சொல்லியிருந்தார்கள். பரிதியைச் சட்டி கட்டிக் கொல்லையில் விட்டிருந்தேன். படல்தான் இருக்கிறதே.

வெங்காயம் சிவந்து வரும்போதுதான் தோன்றியது, சத்தமே இல்லை.

கரண்டியோடு ஓடினேன். இரண்டு பூவரசுக்கும் நடுவே ஒன்றும் இல்லை, அவிழ்த்த கயிறு மட்டும் கீழே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால் முழுக்கச் செம்மண் நிறத்தில் தண்ணீர். சொன்னதற்கு ஒரு நாள் முந்தி வந்துவிட்டது. நுரையும் வைக்கோலும் பிளாஸ்டிக் பாட்டிலும் தள்ளிக்கொண்டு போயின. அவற்றோடு ஓர் அலுமினியச் சட்டியும் மிதந்து போனது.

படியின் தலைப்புக்கு ஓடி எட்டிப் பார்த்தேன்.

பரிதி நாலாவது படியில் இருந்தான். வயிற்றைப் படியில் ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டு, அடுத்த படியைத் துழாவிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. மணலையும் லாரியையும் நான்தான் எங்கோ ஒளித்துவைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். அவனை அள்ளி எடுத்துக் கொல்லைத் தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெங்காயம் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஜெயபால் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நினைத்தது சரிதான். என் பச்சைப் படல் அவர் மாடிப்படிக்குக் குறுக்கே நின்றது. அதிகாரியம்மா டேப் வைத்து அதன் உயரத்தை அளந்துகொண்டிருந்தார். ஜெயபால் அண்ணன் தனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ரேஷன் கார்டைக் காட்டிக்கொண்டிருந்தார். கமலவல்லி கைகட்டி நின்றார். மாமனார் வெள்ளை வேட்டி கட்டிப் படலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"யாரைக் கேட்டு அவுத்தீங்க மாமா?"

"ஒரு மணி நேரம்தாம்மா... நர்சம்மா கேட்டாங்க, ஆய்வுன்னாங்க. நீ அடுப்படியில இருந்த..." என்றவர் நிறுத்தினார். பேரனின் தலையைப் பார்த்தார், சட்டி இல்லை. கால்சட்டையிலிருந்து சொட்டும் செந்தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டார். கேட்டவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நான் பிள்ளையை ஜெயபால் அண்ணனிடம் கொடுத்துவிட்டு முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். அதிகாரியம்மா, "ஏம்மா, ஆய்வு இன்னும் முடியலை," என்றார்.

"எங்க வீட்டுப் படி பின்னால இருக்கு மேடம். வந்து அங்க அளங்க."

படலின் ஒரு முனையை நான் தூக்கினேன். மாமனார் எழுந்து மறுமுனையைத் தூக்கினார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

அதற்குள் தண்ணீர் நாலாவது படியை மூடியிருந்தது. கமலவல்லி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று ஒரு முறைகூட அவர் தென்னையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்க ஊர்ல எல்லாம் போர்வெல் தண்ணிம்மா," என்றார். "இது இப்படி வரும்னு நான் நெனைக்கவே இல்ல. நீங்க கேட்டீங்க. நான்தான் கேள்வி இல்லைன்னுட்டேன்." கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பூவரசுக்கும் சேர்த்து அவரே கட்டினார். முடிச்சு மேல் முடிச்சாக ஏழெட்டு போட்டார். இனி யாரும் அதை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும்.

அதிகாரியம்மா தயங்கினார். "விதிப்படி படி வீட்டுக்குள்ள இருக்கணுமே?"

"தண்ணி வீட்டுக்குள்ளயா மேடம் ஓடுது?"

அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்தார், பிறகு வாய்க்காலைப் பார்த்தார். "போட்டோ எடுங்க கமலவல்லி. லொகேஷன் இங்க இருந்தே போகட்டும்," என்றார்.

கமலவல்லி போட்டோ எடுத்தார். பிறகு அவராகவே பத்தொன்பதாவது கேள்விக்குத் திரும்பப் போய், நீச்சல் குளத்துக்கு எதிரே இருந்த 'இல்லை'யை அழித்து 'ஆம்' என்று போட்டார். ஆப் உடனே நீளம் கேட்டது. அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரசாங்கம் கேட்கிறது, சரியாகச் சொல்ல வேண்டும்.

"மேட்டூர்லேர்ந்துன்னு போடுங்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குள் போய், தீய்ந்த வெங்காயத்தைக் கொட்டிவிட்டு வேறு நறுக்க ஆரம்பித்தேன். கொல்லையில் பரிதி படலை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, லாரியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ சலித்துக்கொண்டார்கள். கத்தட்டும்.