இடப்பக்கம் இருந்தவள்

தட்டில் ஒரே ஒரு இட்லி இருக்கிறது, தின்று முடித்துவிட்டு, ஒரு இட்லி வைக்கிறதெல்லாம் ஒரு சாப்பாடா என்று கத்துகிறேன், உடனே தட்டு தானாக அரை வட்டம் சுற்றுகிறது, காலியாகக் கிடந்த இடத்தில் இன்னொரு இட்லி ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறது, திருப்பிய ஆளைக் காணோம், வளையல் சத்தம் மட்டும் கேட்கிறது.

இருபத்திரண்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவன் நான், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துப் பார்த்தே கழுத்து தேய்ந்தவன், எனக்குப் போய் இடப்பக்கம் காணாமல் போய்விட்டது என்றால் கோபம் வராதா, பைக்கிலிருந்து விழுந்தது நினைவில் இல்லை, தார் ரோட்டின் சூடு மட்டும் கன்னத்தில் இருக்கிறது, கண் நன்றாகத்தான் இருக்கிறது, அடிபட்ட மூளைதான் இடப்பக்கத்தை மறந்துவிட்டது என்றார் டாக்டர், மறந்தவனுக்கு மறந்தது எப்படித் தெரியும், பாதி முகத்தைச் சவரம் செய்துவிட்டு என்ன லட்சணம் என்று சிரித்துக்கொள்கிறேன், கட்டிலில் என்னோடு யாருடையதோ ஒரு கை படுத்திருக்கிறது, சில்லென்று, கனமாக, பொணத்தோட கைய எம் பக்கத்துல போட்டிருக்காவ, எடுத்துட்டுப் போங்கல என்று அலறுகிறேன், அது உங்க கைதாங்க என்கிறது என் மனைவி செண்பகவல்லியின் குரல், எங்கட்டி இருக்க, இங்கதாங்க, இங்கன்னா எங்க, உங்க பக்கத்துலதான். பார்க்கிறேன், ஜன்னல் இருக்கிறது, சுவர் இருக்கிறது, அவள் இல்லை, நாலு மாதமாகக் குரல்தான், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள், என்னிடம் சொல்ல மனமில்லாமல் மறைக்கிறார்கள் என்று நம்பத் தொடங்கினேன், ஒருநாள் அவளிடமே கேட்டேன், நீ செத்துட்டியா செண்பகம். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

சனிக்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரி மாடியில், தலையில் அடிபட்டவர்களும் வீட்டு ஆட்களும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவோம், அங்கேதான் அந்தக் குரல் உடைந்தது, இடப்பக்கமே உக்காந்து கூப்பிடுங்க, அப்பதான் திரும்பப் பழகுவாருன்னு பயிற்சி குடுக்கிறவங்க சொன்னாங்க, நானும் அப்படியே உக்காந்திருக்கேன், மத்தவங்க வீட்டுல கோவமாவது படுறாவ, எனக்கு அதுவும் இல்ல, நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா வருது, திங்கக்கிழமை எங்க அண்ணன் வாரான், அவன்கூட கோவில்பட்டிக்குப் போயிருவேன். பாவி மகள், இல்லவே இல்லை என்று நான் நினைத்த பக்கத்திலேயே குடியிருந்திருக்கிறாள். எதிரே இருந்த ஞானதுரை, தென்னையிலிருந்து விழுந்தவர், ஓய் டிரைவரே, எனக்கும் ஒரு வருசம் அந்தப் பக்கம் கிடையாது, இடது பக்கமாத் தேடாதேயும், உமக்கு அம்புடாது, வலது பக்கமாவே சுத்தும், நிக்காமச் சுத்தும், எங்க போயிருவா என்றார். போவும்வே, எனக்கே வண்டி திருப்பச் சொல்லித் தாரீராக்கும் என்று சீறினேன்.

திங்கட்கிழமை காலை, தட்டில் ஒரே ஒரு இட்லி, தின்று முடிக்கிறேன், கத்துகிறேன், தட்டு சுற்றவில்லை. வளையல் சத்தமும் இல்லை. வெளியே கார் ஹாரன் அடிக்கிறது, செண்பகம், செண்பகம், குரலும் இல்லை, ஐயோ போய்விட்டாள், ரிவர்ஸ் எடுப்பதுபோல் சக்கர நாற்காலியின் வலச் சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறேன், ஜன்னல் வருகிறது, வந்து இல்லாமல் போகிறது, பீரோ வருகிறது, போகிறது, கதவு, காலண்டர், எல்லாம் வலப்பக்கம் முளைத்து இடப்பக்கம் அழிகின்றன, அழிந்ததைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, இன்னும் இழுக்கிறேன், துணிப்பை ஒன்று, அதன் பக்கத்தில் இரண்டு பாதம், புடவை, வளையலை மறுகையால் இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு கை, பிறகு முகம், இளைத்து, நெற்றியோரம் நரைத்து, உயிரோடு.

ஏட்டி, இங்கயா இருந்த என்றேன். வளையலை விட்டாள், சத்தம் வந்தது. நீங்களா திரும்புவீங்களான்னு பாத்தேங்க என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஹாரன் இன்னொரு முறை அடித்தது, அவள் வெளியே போகவில்லை, தன் நாற்காலியை என் வலப்பக்கம் இழுத்துப் போட்டாள், எங்கிருந்தோ அந்தப் பொணத்தின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்க்கிறாள், அது யாருடையது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, எடுத்துட்டுப் போகச் சொல்லவும் இல்லை. தட்டை நானே திருப்பினேன், ஆறிப்போன இட்லி ஒன்று இருந்தது, நீ தின்னு என்றேன்.