ரெங்கம்மாவைச் சுற்றி ஏழடி

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலிருந்து ரெங்கம்மாவைச் சுற்றி ஏழடி தூரத்துக்குள் எந்த நோயும் வர முடியாமல் போனது. பதுளைக்கு மேலே நீர்மலைத் தேயிலைத் தோட்டத்தில், குடிதண்ணீர் கெட்டு நெருப்புக்காய்ச்சல் பரவிய மழைக்காலம் அது. கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா இருபத்தொரு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது அவளுடைய கணவனையும் மாமியாரையும் அடக்கம் செய்து ஒன்பது நாளாகியிருந்தது. அழுது ஓய்ந்த பிறகு தோசைக்கு மாவு கரைத்து வைத்தாள். மூன்று நாளாகியும் மாவு புளிக்கவில்லை. பாலுக்கு உறை ஊற்றினாள். பால் பாலாகவே இருந்தது. அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரி, பொன்னுக்குவீங்கியால் கன்னம் உப்பியிருந்த தன் மகள் தனுஜாவை ரெங்கம்மாவின் வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு உப்புக் கேட்டாள். உப்பை வாங்கித் திரும்புவதற்குள் பிள்ளையின் வீக்கம் வற்றியிருந்தது.

அதன் பிறகு அவள் குடியிருந்த லயத்து வாசலில் நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருமலோடு வந்தவர்கள் இருமாமல் போனார்கள். ஆனால் ஒருவரும் தங்கவில்லை; தங்க முடியவில்லை. நோய் போன பிறகும் அங்கே இருந்தவர்களுக்கு முதலில் கண் அரித்தது, பிறகு தும்மல் வந்தது, பிறகு உடம்பெல்லாம் தடித்தது. அதற்கும் அசையாதவர்களை நெஞ்சில் கை வைத்ததுபோல ஏதோ ஒன்று மெதுவாக வெளியே தள்ளியது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அவளுக்கு ஒரு வட்டம் விட்டு நின்றார்கள். கங்காணி அவளுக்கு மலையின் ஓரத்தில் கொழுந்து பறிக்கத் தனி நிரை கொடுத்தார். தீபாவளிப் பலகாரத்தை மூங்கில் கம்பின் நுனியில் கட்டி நீட்டினார்கள். இரண்டு வருடம் ஒரு மனித விரலும் படாமல் இருந்த ரெங்கம்மா, தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினாள்.

1997இல் பதுளை டொக்டர் சுலோஜனா அவளை எட்டடிக்கு அப்பால் நின்று பரிசோதித்தார். ரெங்கம்மா தானே விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் வைத்த ஒரு சொட்டு இரத்தத்தை வெகுநேரம் பார்த்தார்.

“உடம்புக்குள்ள வெள்ளை அணுக்கள் எண்டு காவல்காரர் இருக்கினம். ஆர் எங்கட ஆள், ஆர் பிறத்தியாள் எண்டு பாத்துப் பிறத்தியாளைக் கலைக்கிறதுதான் அவையின்ர வேலை. ஒருக்காச் சண்டை பிடிச்ச கிருமியை லேசில மறக்கமாட்டினம். உங்களுக்குக் காய்ச்சல் மாறினாப் பிறகும் அவை ஓயேல்லை. வெளியில வந்து நிண்டு காவல் காக்கினம்.”

“அவுங்கள உள்ளுக்குப் போகச் சொல்ல ஏலாதுங்களா, டொக்டரம்மா?”

“சொல்லிக் கேக்கமாட்டினம். பழக்கலாம். ஒரே ஆள், ஒவ்வொரு நாளும், கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்தா, இவரால ஆபத்தில்லை எண்டு படிச்சுக்கொள்ளுவினம். வருசக்கணக்காகும். அப்பிடி ஒரு ஆள் இருக்கோ?”

ரெங்கம்மா தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். போரால் பாதை அடைபட்டதால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் தாயை இரண்டு வருடமாகப் பார்க்காத டொக்டர், அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ஆள் தானாகவே வந்தான். வீரய்யா தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் போடுகிறவன். அதே காய்ச்சலில் மனைவியைப் பறிகொடுத்தவன். ஒரு பின்னேரம் ஏழடி தள்ளிச் சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

“என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன். சும்மா வந்தேன்.”

நோயில்லாமல் அவளிடம் வந்த முதல் ஆள் அவன்தான். ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் தும்மிக்கொண்டே இருந்துவிட்டு, கண் சிவக்க எழுந்து போனான். மறுநாளும் வந்தான். மாதத்துக்கு ஒரு விரற்கடை என்று சாக்கை நகர்த்தினான். 2001இல் சாக்கு நாலடிக்கு வந்தபோது ரெங்கம்மா பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினாள். அவனும் எட்டிப் பிடித்தான். மறுகணம் அவன் தொண்டை அடைத்தது, முகம் நீலமானது. நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு லொறிக்கு ஓடினார்கள். பின்னால் ஓடிய ரெங்கம்மா பாதிவழியில் நின்றுவிட்டாள். அவள் கிட்டப் போனால் அவன் செத்துப்போவான். லொறி வளைவில் மறையும்வரை மழையில் நின்றாள்.

மூன்று வாரத்தில் பிழைத்து வந்தவனிடம், “இனிமே வராதீங்க” என்று கதவைச் சாத்தினாள்.

வெளியே சாக்கு விரிக்கும் சத்தம் கேட்டது. மீண்டும் ஏழடியில். “காவக்காரங்க மேல குத்தமில்ல. நாமதான் அவசரப்பட்டுட்டோம்” என்றான் வீரய்யா. நாலாம் நாள் அவள் கதவைத் திறந்தாள். இரண்டாம் தடவை காவல்காரர்கள் சீக்கிரம் படித்துக்கொண்டார்கள்.

2004 மாசியில் அவன் அவளுடைய படியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தும்மல் வரவில்லை. அவள் கை மேல் கை வைத்தான். இருட்டும்வரை அதை எடுக்கவில்லை. அடுத்த வாரம் ரெங்கம்மாவுக்கு மூக்கு ஒழுகியது, உடம்பு கொதித்தது. எட்டு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் நோய். லயமே பயந்தது. வீரய்யா ஈரத்துணியோடு அவள் தலைமாட்டில் இருந்தான்.

“எங்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சு” என்றான் குற்ற உணர்வோடு.

“இருக்கட்டுங்க. எட்டு வருசமா யாருகிட்ட இருந்தும் எனக்கு ஒன்னுமே வரல” என்றாள் அவள், அடைத்த மூக்கோடு.

மூன்றாம் நாள் வேர்த்துக் காய்ச்சல் விட்டது. காவல்காரர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் பழையபடி ஏழடியில் நின்றார்கள். வீரய்யாவைத் தவிர வேறு யாரையும் அவர்கள் கடைசிவரை சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பதுளை பஸ்ஸில் ஒரே ஆசனத்தில் நெருக்கி உட்கார்ந்து போவார்கள். முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு வரிசையையும் எதிர்ப்பக்க ஆசனத்தையும் கொண்டக்டர் காலியாக விடுவார். புதிதாக ஏறுகிறவர்கள் ஏனென்று கேட்டால், “அது அவுங்க எடம்” என்பார்.