பித்தளைக் கெண்டை

தன் கைவேலை கெட்டுப்போக வேண்டும் என்று ஞானசௌந்தரி மாதாவிடம் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

திருநின்றவூரில் அவள் கணவனின் அண்ணன் இக்னேஷியஸ், வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டிருந்தார். அதில் உட்கார்ந்து அவள் அயர்லாந்து நாட்டில் பையில் காற்றடைத்து வாசிக்கும் பைக்குழலுக்குக் கெண்டை செய்தாள். நம்மூர் நாயனத்தில் ஊதும் நாணல் சீவாளியைச் செருகப் பித்தளைக் கெண்டை இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதேதான். மெல்லிய தகட்டை நறுக்கி, கூம்பிய இரும்புக் கம்பியில் சுற்றி, மரச்சுத்தியால் தட்டி, மூட்டைப் பற்றவைத்து, மேல்வாயைக் குறட்டால் லேசாக நசுக்க வேண்டும். கடைசியில் ஒரு முனையை விரலால் மூடி மறுமுனையை உறிஞ்சினால் குழாய் உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கும். விழுந்தால் எங்கோ ஓட்டை. நாணலைச் சீவிப் பொருத்துவதை அந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

இக்னேஷியஸ் தொட்டால் தகடு கிழியும். அவள் கணவன் எட்மண்ட் தொட்டால் மூட்டு பிளக்கும். இவள் ஒருத்தி கைக்குத்தான் அது படிந்தது. அதுவே வினையாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு புஷ்பா, தான் வேலை பார்க்கும் அம்பத்தூர் சட்டைக் கம்பெனியில் அவளுக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தாள். வேன் தெருமுனைக்கே வரும். கேட்டபோதெல்லாம் இக்னேஷியஸ், "இந்த லாட்டு முடியட்டும்மா" என்பார். எட்மண்டோ சுவரைப் பார்ப்பான். "அண்ணன் ஊட்ல கீறோம். மூஞ்சில அடிச்சாப்ல எப்படிச் சொல்றது?" கோயிலுக்குத் தவிர அவள் ரயில்வே கேட்டைத் தாண்டியதே இல்லை.

ஒருநாள் காலை வேன் அவள் இல்லாமல் கிளம்பிய சத்தம் கேட்டதும் குறட்டை நெரித்தாள். கெண்டையின் வாய் தட்டையாகப் போயிற்று. அடுத்ததையும் அப்படியே செய்தாள். ஒரு பெட்டி முழுக்க அப்படித்தான் போயிற்று. சரக்கு திரும்பி வரும், இவள் கை போய்விட்டது என்று விட்டுவிடுவார்கள். அதற்குத்தான் அந்த வேண்டுதல்.

சரக்கு திரும்பவில்லை. ஏற்றுமதித் தரகர் மனோகரன்தான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், கையில் ஒரு கேசட்டோடு.

"இன்னா மாமே, ஊட்டுக்குள்ளயே மந்திரவாதிய வச்சிகினு கீறே!" என்றார் இக்னேஷியஸிடம்.

டேப்பில் போட்டார்கள். அடியில் ஒத்து ரீங்கரிக்க, மேலே குழல் மூக்கால் பாடியது. தான் செய்த பொருளின் சத்தத்தை அவள் அன்றுதான் கேட்டாள். எங்காவது பிசிறடிக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். அடிக்கவில்லை.

"பழசெல்லாம் கத்துதாம். இந்த லாட்டு பாடுதாம். இனிமே இதேதான் வோணுமாம்" என்று மாதிரிக்கு ஒன்றை அவள் முன் வைத்தார் மனோகரன். "நாளைக்கு வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை இக்னேஷியஸும் மனோகரனும் அவள் தலைக்கு மேல் நின்றார்கள். ஒன்று அதிகம் நசுங்கியது. அடுத்தது போதவில்லை. அதற்கடுத்தது கோணிக்கொண்டது.

"நீ பண்ணதுதானேம்மா?"

"வரல மாமா." அது பொய்யில்லை.

"வரலன்னா ஆர்டரு போச்சு மாமே. கொட்டாயில கோழி வளத்துக்கோ" என்றார் மனோகரன்.

அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. மாதா வேண்டுதலை இப்படி வேறு வழியில் கேட்டிருக்கிறாள். குறட்டைக் கீழே வைத்தாள். அப்போது தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"அக்கோவ்!" என்று புஷ்பா கத்தினாள். "இன்னிக்கு வரலன்னா வேற பொண்ண எடுத்துக்குவாங்களாம்! வர்றியா இல்லியா?"

ஞானசௌந்தரி எழுந்தாள். இக்னேஷியஸ் வாசலில் நின்றிருந்தார். தடுக்கிறவர்போல அல்ல, சும்மாதான் நின்றார். ஆனால் அது ஒரே வாசல்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாத்துட்டுப் போயேம்மா. வேன்காரன் நிப்பான்."

உட்கார்ந்தாள். பற்றவைத்த குழாய் ஒன்றை எடுத்துக் குறட்டில் வைத்தாள். வெளியே வேன் உறுமியது. கியர் மாறும் சத்தம் கேட்டது. அவள் விரல்கள் அன்றுபோலவே தாமாக இறுகின. சத்தம் ரயில்வே கேட் பக்கமாகத் தேய்ந்து போயிற்று.

இக்னேஷியஸ் அதை வாங்கி மாதிரியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இதான்! இதேதான்! எப்படிம்மா பண்ணே?"

அவள் அதைத் திரும்ப வாங்கி, ஒரு முனையை விரலால் மூடி உறிஞ்சினாள். கையை எடுத்தபின்னும் கெண்டை உதட்டிலேயே தொங்கியது. விழவில்லை.