கம்பளிக் கோட்டின் கை

கம்பளிக் கோட்டைக் கேட்டுச் சித்தி வந்த அன்றே பெரியவள் முடிவு செய்துவிட்டாள், சின்னவள் விமானம் ஏறப் போவதில்லை என்று.

சித்தி கேட்ட அழகு அப்படி. "உன் அலமாரியில சும்மாதானே தொங்குது, சின்னவளுக்காவது ஆகட்டுமே" என்றார். சும்மா தொங்குகிறதாம். குளிர் தேசத்துக்குப் போகிற மகளுக்கென்று போன வருடம் அப்பா கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த கோட்டு அது. யாரால் சும்மா தொங்குகிறது என்பதைச் சித்தி வசதியாக மறந்துவிட்டார். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாளே சித்தி அதன் கையைக் குறைத்துத் தைத்துவிட்டார். சின்னவள் கொஞ்சம் குள்ளம்.

ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் அண்ணன் தம்பி குடும்பங்கள். வாசல் ஒன்று, சமையல் இரண்டு. அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவர் மகள் பெரியவள். தம்பி தண்ணீர் வடிகட்டி வியாபாரி. அவர் மகள் சின்னவள். நடுவில் இருந்த அறையில் சித்தப்பாவின் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும்.

போன வருடம் பள்ளியில் பரிமாற்ற மாணவியாகத் தேர்வானவள் பெரியவள். இங்கிருந்து போகிற பெண் அங்கே ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கிப் படிப்பாள். அங்கிருந்து வருகிற பெண் இவர்கள் வீட்டில் தங்குவாள். அவளுக்குத் தனி அறை காட்ட வேண்டும். நடு அறையை ஒழித்துத் தருகிறேன் என்று சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். பரிமாற்றத் திட்டத்தை நடத்துகிற மேடம் வீட்டைப் பார்க்க வந்த அன்று அறைச் சாவியோடு வெளியே போனவர், பொழுது சாய்ந்துதான் திரும்பினார். போனையும் எடுக்கவில்லை. கொண்டை ஊசியை விட்டு அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்து, முடியாமல் அழுதவள் சின்னவள் ஒருத்திதான். அறை காட்டாத வீட்டுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மேடம் போய்விட்டார். வாய்ப்பு வேறொரு வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று.

மறந்தே போய்விட்டது என்றார் சித்தப்பா. அப்பா நம்பினார், அல்லது நம்பியது போல இருந்துகொண்டார். தம்பியை முறைத்துக்கொண்டு ஒரே வாசலில் எப்படிக் குடியிருப்பது என்பது அவர் கவலை. பெரியவள் நம்பவில்லை. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள். அடுத்த வருடம் சின்னவள் அந்த வகுப்புக்கு வருவாள். இரண்டும் சித்தப்பாவுக்குத் தெரியும். கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராத மனிதர் சாவியோடு நழுவினார். அன்று முதல் அவள் கறுவிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த வருடம் சின்னவள் தேர்வானதும் அந்த வீட்டுக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்த்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டிகள் ஒரே நாளில் கடைக்குப் பறந்தன. சுவருக்கு வெள்ளை, சன்னலுக்குத் திரை, புதுக் கட்டில், மேசை விளக்கு. மறதிக்காரச் சித்தப்பா ஏணியில் ஏறி மின்விசிறியைத் துடைத்தார். சின்னவள் வெயிலென்றும் பாராமல் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் பெட்டியை உருட்டிப் பழகினாள். சட்டை தேய்க்கவும், முட்டை பொரிக்கவும், அந்த ஊர் ரயில் வரைபடத்தைப் படிக்கவும் அக்காவிடம்தான் வந்தாள். அதெல்லாம் பெரியவள் போன வருடமே பழகி வைத்தது. வயிறு எரிந்தாலும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

பொறுமைக்குக் காரணம் இருந்தது. அந்தத் திட்டத்தின் விதிகள் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரே வாசலுக்குள் குடியிருக்கிற பெரியவர்கள் எல்லாரும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் கூடாது என்றாலும் அந்த வீடு கிடையாது. சித்தப்பாவும் விதி தெரிந்தவர்தான். தன்னை, மனைவியை, அண்ணனை, அண்ணியை எண்ணி வைத்திருந்தார். பெரியவளுக்குப் பதினெட்டு முடிந்தது அவர் புத்தியில் ஏறவே இல்லை. அவருக்கு அவள் இன்னும் ரெட்டைச் சடைப் பிள்ளை. போன வருடம் அவளைப் போக விடாமல் நிறுத்தியவர் அவர்தான். அதனால்தான் கூடாது என்று சொல்ல அவள் இப்போது இங்கே இருந்தாள்.

அதே மேடம்தான் வந்தார். நடு அறையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். நான்கு பேரும் சம்மதம் என்றார்கள். சித்தி தேநீர் கொண்டு வந்து வைத்தபோது, மேடத்தின் பார்வை கதவோரம் நின்ற பெரியவள் மேல் விழுந்தது.

"உனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சில்ல? நீயும் சொல்லணும்மா."

சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? கூடாது என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அதைச் சொன்னால் பொறாமைக்காரி என்ற பெயர் தனக்கு வரும், அவர் நல்லவராகவே தப்பித்துவிடுவார் என்று அந்த நொடியில் தோன்றியது. அது அவளுக்குப் போதவில்லை.

"சொல்றேன் மேடம். போன வருஷம் நீங்க வந்த அன்னிக்கு இந்த ரூம் சாவி எங்க இருந்துச்சுன்னு சித்தப்பா அவர் வாயால சொல்லட்டும். சொல்லிட்டா எனக்குச் சம்மதம்."

அப்பா பதறி எழுந்து, விடும்மா என்றார். அவள் அசையவில்லை. சித்தப்பா கையைப் பிசைந்தார். சொல்லித் தொலையுங்கள் என்று சித்தி கண்ணாலேயே அதட்டினார். ஒரு வார்த்தையில் மகள் காரியம் முடியும் என்றால் மானம் மரியாதை பார்க்க முடியுமா?

"என் பையிலதான் இருந்துச்சு" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்து. "மறக்கல. என் பொண்ணு போகணும்னு வேணும்னேதான் எடுத்துட்டுப் போனேன்."

"எனக்குச் சம்மதம், மேடம்."

மேடம் பேனாவை மூடினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"சொந்த வீட்டுப் பொண்ணு போகக்கூடாதுன்னு கதவப் பூட்டின வீடு இது. இங்க இன்னொருத்தர் பொண்ண எந்த தைரியத்துல விட்டுட்டுப் போறது?"

தேநீரைத் தொடாமலே கிளம்பிவிட்டார். பெரியவள் இதை எதிர்பார்த்தாளா என்றால், எதிர்பார்த்தாள் என்பதைவிட வேண்டிக்கொண்டாள் என்பதுதான் சரி. அவள் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை. சித்தப்பா தன் வாயாலேயே தன் மகள் தலையில் மண்ணைப் போட்டார். அது அவளுக்கு இனித்தது. மறு பாதியிலிருந்து சித்தியின் அழுகை கேட்டபோதும் இனித்தது.

சாயங்காலம் சின்னவள் வந்தாள். கோட்டை மடித்து, கசங்காமல் கட்டிலில் வைத்தாள்.

"அப்பா அப்படிப் பண்ணினது சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியும்" என்றாள் பெரியவள்.

"அவர் சொன்னா என் சான்ஸ் போயிரும்னு உனக்குத் தெரியுமாக்கா?"

பெரியவள் சன்னலைப் பார்த்தாள். சின்னவள் தன் பாதிக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். தோள் பொருந்தியது. கைதான் மணிக்கட்டு வரை வராமல் நின்றுவிட்டது. தையலைப் பிரித்து இறக்கிவிடலாம் என்று விளிம்பைப் புரட்டினாள். உள்ளே துணி மிச்சமில்லை. சித்தி வெட்டித்தான் தைத்திருந்தார். இனி அது சின்னவளுக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.